வளையல் பாத்தி

உமி மூட்டையோடு புருஷன் திரும்பி வருவதற்குள் பாத்திக் கரையை இடித்து முடித்துவிட வேண்டும் என்றுதான் தையல்நாயகி கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வீட்டின் பக்கவாட்டுக்கு வந்தாள். வந்தவள் அதை ஊன்றிக்கொண்டு நின்றதுதான் மிச்சம். மழை விட்டு நாலைந்து நாளாகிறது. தெரு காய்ந்துவிட்டது, மாடியில் போட்ட துணி மத்தியானத்துக்குள் மொடமொடவென்று ஆகிவிடுகிறது, இந்தப் பாத்தியில் மட்டும் தண்ணீர் போகிற எண்ணமே இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது, காப்பி குடித்த பிறகும் எழுந்திருக்காத விருந்தாளி மாதிரி. அதன் நடுவே இருவாட்சிச் செடி. அவள் இடுப்பு உயரம்தான் இருக்கும். அடி இலையெல்லாம் மஞ்சளாகி உதிர்ந்துவிட்டது, நடுவில் இருப்பது உதிரலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறது, நுனியில் மட்டும் கொஞ்சம் பச்சை. கிட்டே குனிந்தால் ஒரு நாற்றம். அழுகின முட்டையும் இல்லை, சாக்கடையும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. வேருக்கு மூச்சு முட்டுகிற நாற்றம் என்று அவளாகவே அதற்கு ஒரு பேர் வைத்திருந்தாள். இந்த நகர் முழுக்க ஒரு காலத்தில் வயல். மன்னார்குடியை விட்டுக் கொஞ்சம் தள்ளி, நெல் விளைந்த மண்ணை அளந்து கல் நட்டு, பேரில் மட்டும் கார்டன் என்று சேர்த்து மனையாக விற்றார்கள். களிமண்ணுக்கு அதெல்லாம் எப்படித் தெரியும். தண்ணீரைக் கட்டி வைத்துக்கொள்வது ஒன்றுதான் அது கற்ற வேலை. மேலே வீடு வந்தால் என்ன, ரோடு வந்தால் என்ன, அது இன்னும் நாற்றுக்குத்தான் காத்துக்கொண்டிருக்கிறது. கிழக்கே மூட்டம் கட்டியிருந்தது. இன்னொரு மழைக்கு இந்தச் செடி தாங்காது. தாங்காமல் போய்விட்டால், நாளைக்கு இளவேனில் வந்து இங்கே நிற்கும்போது என்ன சொல்வது. எந்தப் பக்கம் சுற்றிப் போனாலும் மனசு கடைசியில் அந்த இடத்தில் வந்துதான் முட்டிக்கொண்டது.

இளவேனில் அவருடைய பெண். செங்குட்டுவனுக்கும், போய்ச் சேர்ந்துவிட்ட மூத்தாள் பூங்கோதைக்கும் பிறந்த ஒரே பெண், ஓசூரில் வேலையில் இருக்கிறாள், தீபாவளிக்கு நாளைக் காலையில் வந்து இறங்குகிறாள். கெட்ட பெண் என்று ஒரு நாளும் சொல்ல முடியாது. போன வருஷம் பதிவாளர் ஆபீசில் தையலும் அவரும் கையெழுத்துப் போட்டபோது சாட்சிக் கையெழுத்துப் போட்டவளே அவள்தான். அப்பா தனியாகக் கிடக்க வேண்டாம் என்று முதலில் வாய் திறந்ததும் அவள்தான் என்று செங்குட்டுவன் சொல்லியிருக்கிறார். ஆனால் இன்று வரைக்கும் தையல்நாயகியை அவள் என்னவென்றும் கூப்பிட்டதில்லை. அத்தையும் இல்லை, சித்தியும் இல்லை, ஆன்ட்டி என்றால்கூட ஒரு பேர் ஆகியிருக்கும். போனை எடுத்தால் "நான்தான் பேசறேன்" என்பாள், "சாப்டீங்களா" என்பாள், "அப்பாட்ட குடுக்கிறீங்களா" என்பாள். கூப்பிடுகிற வார்த்தை வர வேண்டிய இடத்தில் ஒரு சின்ன மூச்சு வரும், அவ்வளவுதான். தையலும் அதை எதிர்பார்க்கிற வயசைத் தாண்டியவள்தான், ஐம்பதைத் தொடப் போகிறவளுக்கு யார் என்ன பேர் சொன்னால் என்ன, இருந்தாலும் அந்த மூச்சு வருகிறபோதெல்லாம் இவள் காது கொஞ்சம் முன்னால் போகும், போய்ச் சும்மா திரும்பி வரும். நேற்றுச் சாயங்காலம் அந்த மூச்சுக்குப் பிறகு வழக்கமான கேள்வி வரவில்லை. "இருவாச்சி எப்படி இருக்கு?" என்று கேட்டாள். அப்பாவிடம் கேட்கவில்லை, இவளிடம் கேட்டாள்.  "இருக்கும்மா, நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பொய்யை இனி நிஜமாக்க வேண்டும். ராத்திரி முழுக்க அதுதான். பூங்கோதை போட்ட செடிகளில் இது ஒன்றுதான் பாக்கி. கனகாம்பரம் போயிற்று, சந்தனமுல்லை போயிற்று, டிசம்பர் பூ வரிசையாக நின்று வரிசையாகப் போயிற்று, எல்லாம் தையல் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே. மிச்சம் இருந்த ஒன்று இவள் கையில் போனால், அதுவரை போன எல்லாமும் இவள் கணக்கில் வந்து சேர்ந்துகொள்ளும். யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சொல்லாமல் இருப்பார்கள், அதைத்தான் தாங்க முடியாது.

செங்குட்டுவன் அந்தச் செடிகளைப் பற்றிச் சொல்லும்போது ஒரே வாக்கியம்தான் சொல்வார். "அவ கை போனதும் செடியும் போயிடுச்சு தையலு." மின்வாரியத்தில் கம்பத்தில் ஏறி ஏறி இறுகிப்போன மனுஷர், சாமி கும்பிடாதவர், திதி திவசம் எதுவும் வைக்காதவர், எதிர்வீட்டு அம்மா வந்து மூத்தாளுக்கு ஒரு புதுப் புடவை வைத்துப் படைக்கச் சொன்னபோது, புடவையைக் கட்டிக்கிறதுக்கு ஆள் இல்லீங்களேம்மா என்று சிரித்து அனுப்பியவர். அவர்தான் செடி துக்கப்பட்டுச் செத்தது என்று நம்புகிறார். அந்த நம்பிக்கையைச் சொல்லும்போது அவர் முகம் எவ்வளவு அழகாக ஆகிவிடுகிறது. தையல் முதல்தடவை கேட்டபோது அவளுக்குப் பொறாமை வந்தது, அவள் அதை மறைத்துக்கொள்ளவில்லை, தனக்குத்தானே ஒப்புக்கொண்டாள், ஒப்புக்கொண்டதும் அது பாதியாகக் குறைந்துவிட்டது. இரண்டாம்தடவை கேட்டபோது இந்த மனுஷரைக் கட்டிக்கொண்டது சரிதான் என்று தோன்றியது. மூன்றாம்தடவைதான் வேறு ஒன்று உறுத்தியது. ஏனென்றால் அதற்குள் அவளுக்குக் காரணம் தெரிந்துபோயிருந்தது. பாத்தியைச் சுற்றி ஒரு கரை இருக்கிறது, ஒரு செங்கல் உயரம், சிமெண்ட் பூசியது. பூங்கோதை இருந்தவரை அந்தக் கரை இல்லை. அவள் வெறும் மண்ணைக் கூட்டி மேடாக்கித்தான் செடி வைத்திருந்தாள், தண்ணீர் தன் பாட்டுக்கு வழிந்து சந்து வழியாகத் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவள் போன மாதத்தில், அப்பாவும் பெண்ணும் என்ன செய்வது என்று தெரியாமல், ஏதாவது செய்தாக வேண்டும் என்று, யாரும் மிதித்துவிடக் கூடாது என்று, இரண்டு பேருமே செங்கல் அடுக்கி, இரண்டு பேருமே சிமெண்ட் குழைத்து, கரை கட்டியிருக்கிறார்கள். ஓட்டை ஒடிசல் இல்லாமல் அவ்வளவு திருத்தமாக. கம்பத்துக்கு அஸ்திவாரம் போட்ட கை அல்லவா. பாத்தி அன்றைக்குத் தொட்டியாகிவிட்டது. அடுத்த மழையிலிருந்து செடிகள் ஒவ்வொன்றாகப் போயிருக்கின்றன. இதை எப்படி ஒருத்தரிடம் சொல்வது. அவள் கை போனதால் இல்லைங்க, உங்கள் கை பட்டதால்தான் என்று எந்த வாயால் சொல்வது. சொல்லாமலே சரி பண்ணிவிட்டால் ஆயிற்று என்று தீர்மானித்து, காலையில் அவரை உமிக்கு அனுப்பினாள். மண்ணோடு கலந்தால் மண் கொஞ்சம் இளகும், அரிசி மில்லில் கேட்டால் கொடுப்பார்கள், என்று சொன்னாள். உமி வேண்டியதுதான், பொய் இல்லை. ஆனால் அவர் பக்கத்தில் இல்லாமல் இருப்பதும் வேண்டியிருந்தது.

போன ஆடியில் அவளும் ஒரு பாவம் பண்ணியிருந்தாள். தண்ணீர் நிற்கிறதே என்று, மாடிப்படி பூசி மிஞ்சிய மணலைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து பாத்தியில் கொட்டிக் கொத்திக் கலந்துவிட்டாள். மணல் தண்ணீரை விடும், களிமண் விடாது, இரண்டையும் சேர்த்தால் பாதியாவது விடும் என்று ஒரு வீட்டுக் கணக்கு. தோசைமாவு கெட்டியாக இருந்தால் தண்ணீர் விடுகிறோம் இல்லையா, அந்த மாதிரிதான் நினைத்தாள். வெயில் ஒரு வாரம் காய்ந்ததும் பாத்தி தரை போட்ட மாதிரி இறுகிவிட்டது, தட்டினால் சத்தம் வந்தது. செங்குட்டுவன் வந்து காலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "தையலு, இன்னும் கொஞ்சம் கம்பி வச்சிருந்தா ரூஃப் கான்கிரீட்டே ஆயிருக்குமே" என்றார். அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு உள்ளே போய் அடுப்படியில் நின்று, மூத்தவள் செடியை நான் கொன்றுகொண்டிருக்கிறேனா என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. பிறகு ஒரு வாரம் உட்கார்ந்து களைக்கொத்தால் கட்டி கட்டியாகப் பெயர்த்து, சாணமும் இலைமக்கும் போட்டு, அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதற்குள் முதுகு போய்விட்டது. கூடப் பிறந்தவளாக இருந்தால்கூட இவ்வளவு பண்ணியிருப்பாளா தெரியாது. பூங்கோதையைப் பார்த்ததே இல்லை. ஹாலில் மாட்டியிருக்கிற படத்தில் கொஞ்சம் உதடு மடித்துச் சிரிக்கிறாள், படம் எடுக்கிறவன் ஏதோ கிண்டல் பண்ணியிருக்க வேண்டும். மனதுக்குள் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள் தையல். கூப்பிட வேண்டும் என்று நினைத்துக் கூப்பிடவில்லை. மணலைப் பெயர்த்துக்கொண்டிருந்த அந்த வாரத்தில், கை எரிந்தபோது, "என்னக்கா இப்படிப் படுத்துறே" என்று தானாக வந்துவிட்டது.

சரி, நின்றது போதும் என்று கடப்பாரையைத் தூக்கினாள். இடிக்க வேண்டிய இடம் எது என்பதில் சந்தேகம் இல்லை. தெருப்பக்கத்து மூலைதான் தாழ்வு, தண்ணீரும் அங்கேதான் ஆழமாக நிற்கிறது, கரைக்கு வெளியே சந்து இன்னும் ஒரு முழம் பள்ளம். அங்கே ஒரு செங்கல் அளவுக்குப் பெயர்த்துவிட்டால் போதும், தண்ணீர் தன்னால் ஓடிவிடும். கடப்பாரையின் மூக்கைக் கரையின் மேல் வைத்தாள். வைத்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வளையல் மெல்ல அதிர்ந்தது. இது தெரியாததா. ஒரு வருஷமாகத் தினம் பார்க்கிற கரைதான். சிமெண்ட் ஈரமாக இருந்தபோது இளவேனில் தன் அம்மாவின் கண்ணாடி வளையல்களையெல்லாம் எடுத்துவந்து, பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகக் கரை நெடுகச் செருகியிருக்கிறாள். சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சை, நடுநடுவே தங்கப்பொட்டு வைத்த நீலம். சுமங்கலியாகப் போன அம்மாவின் வளையல்கள், யாரும் உடைக்காத வளையல்கள். காலை வெயில் விழுந்தால் சுவரில் வட்டம் வட்டமாக நிறம் ஆடும். மற்ற இடத்திலெல்லாம் கொஞ்சம் இடைவெளி விட்டிருக்கிறாள். இந்த மூலைக்கு வந்தபோது மிச்சம் இருந்ததையெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிச் செருகிவிட்டாள் போலிருக்கிறது, விரல் வைக்க இடம் இல்லை. எத்தனை பார்த்தாலும் பார்ப்பது வேறு, கையில் இரும்போடு பார்ப்பது வேறு. உடைக்கத்தான் வேண்டும். உடைத்தால் என்ன. கண்ணாடிதானே. கண்ணாடிதான், ஆனால் காது முந்திக்கொண்டுவிட்டது, இன்னும் எழாத சத்தத்தை அது கேட்டுவிட்டது.

அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். முதல் புருஷன் கலியமூர்த்தி போன பத்தாம் நாள் குளத்துப் படிக்கட்டில் அவளை உட்கார வைத்தார்கள். முதல்நாளே கை நிறைய வளையல் போட்டு, தலை நிறையப் பூ வைத்து, அவள் கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு பூ வைத்துக்கொண்டதில்லை, அந்தக் கோலத்தில் விடிவதற்கு முன்னால் கூட்டிப்போய், இரண்டு கையையும் பிடித்துக் கல்லில் தட்டினார்கள். வளையல் உடைகிற சத்தம் பெரிய சத்தம் இல்லை. சமையல்கட்டில் கரண்டி விழுந்தால் இதைவிடப் பெரிதாகக் கேட்கும். ஒன்று மட்டும் உடையவில்லை. அவசரத்தில் வாங்கிய சரத்தில் ஒரு பிளாஸ்டிக் வளையல் கலந்திருந்தது. தட்டினார்கள், உடையவில்லை, இன்னும் ஓங்கித் தட்டினார்கள், மணிக்கட்டில்தான் அடி விழுந்தது, ஒரு கிழவி என்னடி இது என்றாள், யாரோ ஒருத்திக்குச் சிரிப்பு வந்து அதை இருமலாக்கினாள், தையலுக்கும் அந்த நிமிஷத்தில் சிரிப்பு வந்தது, நிஜமாகவே வந்தது, கலியமூர்த்தி இருந்திருந்தால் இதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பார் என்று நினைத்ததும் தான் என்ன நினைத்தோம் என்பது உறைத்து, அப்போதுதான் பத்து நாளில் முதல்தடவையாகக் குரலெடுத்து அழுதாள். கடைசியில் ஓரகத்திதான் சோப்பைத் தடவி அந்த வளையலைக் கழற்றி விட்டெறிந்தாள். அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் வெறுங்கை. பள்ளிக்கூட லேபில் கண்ணாடிக் குழாய்களைக் கழுவி அடுக்குகிற வேலை, ஒன்றுகூட உடைக்காதவள் என்று அங்கே அவளுக்குப் பேர். பிறகு செங்குட்டுவன் வந்தார், தேரடியில் ஒரு கடையில் நின்று, எந்த சைஸ் என்று தெரியாமல் மூன்று சைஸில் வளையல் வாங்கினார். இப்போது ஒரு பெண்பிள்ளை தன் அம்மாவின் வளையலைக் கொண்டுவந்து சிமெண்டில் பதித்து, இதை யாரும் உடைக்க முடியாது என்று நினைத்திருக்கிறாள். அதன் மேல் கடப்பாரையை வைத்துக்கொண்டு நிற்கிற ஆள் யார் என்றால், நான். போயும் போயும் நான். வளையல் உடைத்த பெண்களில் எனக்குப் பிடித்தவள் ஒருத்தியும் இல்லை, நான் அந்த வரிசையில் போய் நிற்கவா. ஆனால் நிற்காவிட்டால் செடி போய்விடும், செடி போனால் பெண் நாளைக்கு வந்து நிற்பாள், செடியைக் கொன்றவள் என்பதா வளையலை உடைத்தவள் என்பதா, எது பரவாயில்லை, எதைச் சொன்னால் அந்த மூச்சு மூச்சாகவே நின்றுவிடாமல் இருக்கும். மேட்டுப்பக்கம் இடித்தால் தண்ணீர் ஏறி வராது. வளையலைக் கிளப்பலாம் என்றால் சிமெண்ட் கல்லாகப் பிடித்திருக்கிறது, கிளப்பினாலும் உடையும். கடப்பாரையைத் தூக்குவாள், இறக்குவாள், தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால் அவரோ என்று பார்ப்பாள். இப்படியே எவ்வளவு நேரம் போயிற்றென்று அவளுக்கே தெரியவில்லை.

கடைசியில் கை வலித்துத்தான் கடப்பாரையை வெளிப்பக்கம் சந்தில் சாய்த்துப் போட்டாள். போட்டதும் அதன் நுனி கரையின் அடியில், செங்கலுக்குக் கீழே, ஒரு விரல்கடை உள்ளே இறங்கிற்று. மேலே அவ்வளவு கெட்டியாக இருக்கிற கரை, அடியில் வெறும் மண்ணின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அடப் பைத்தியமே என்று தன்னைத்தானே சொல்லிக்கொண்டாள். மேலே போக வழி இல்லையென்றால் கீழே போனால் என்ன. வளையல் பாட்டுக்கு மேலே இருக்கட்டும், தண்ணீர் பாட்டுக்கு அடியில் போகட்டும். உள்ளே போய்த் தன் வளையலைக் கழற்றி அடுப்பு மேடையில் வைத்துவிட்டு, பழைய சாக்கும் களைக்கொத்தும் எடுத்துவந்தாள். மூலையைச் சுற்றிப் பாத்திக்குள்ளேயே களிமண்ணால் ஒரு குட்டி வரப்புப் போட்டுத் தண்ணீரைத் தள்ளி நிறுத்தினாள், வரப்புப் போடுவதற்கு இந்த மண் மாதிரி மண் உலகத்தில் கிடையாது, சொன்ன இடத்தில் சொன்னபடி நின்றது. மூலையில் தேங்கியதைச் செம்பால் இறைத்தாள். சாக்கை விரித்துக் குப்புறப் படுத்துக்கொண்டு, கரையை ஒட்டித் தோண்டி, அடிச்செங்கல் தட்டுப்பட்டதும் அதற்குக் கீழே கையை விட்டாள். குளிர்ச்சி. மேலே அவ்வளவு வெயிலிலும் அடியில் அப்படி ஒரு குளிர்ச்சி. மண் விரலிடுக்கில் வழுக்கிக்கொண்டு வந்தது, பிடிபிடியாக, சாம்பல் நிறத்தில், சில இடத்தில் நீலம் பாய்ந்து. ஒரு மண்புழு சுருண்டுகொண்டது, அதை எடுத்துச் செடிப்பக்கம் விட்டாள், நீயாவது இருக்கிறாயே, இங்கே இருந்துகொள். கன்னம் ஈர மண்ணில் பட்டது. இந்த வாசம் கிட்டத்தில் அவ்வளவு மோசமில்லை. அக்கா, உன் வீட்டுக்குக் கீழே கன்னம் வைக்கிறேன் பார், திருடி மாதிரி. ஆனால் எடுத்துக்கொண்டு போக வரவில்லை. உன் மனுஷரை எடுத்துக்கொண்டேனா? எடுத்துக்கொண்டேன்தான். அதை இல்லை என்று சொன்னால் உனக்கே சிரிப்பு வரும். அவர் ராத்திரி தூக்கத்தில் சில சமயம் உன் பேரைச் சொல்கிறார், நான் எழுப்புவதில்லை, சொல்லி முடிக்கட்டும் என்று இருக்கிறேன். அவருக்கு மோரில் இஞ்சி போட்டால் பிடிக்காது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானாகக் கண்டுபிடித்தேன், அதற்கு ஒரு மாசம் ஆயிற்று, நீ இருந்து சொல்லியிருந்தால் ஒரு நிமிஷம். உன் பெண்ணுக்கு நான் எதுவாகவும் ஆக வேண்டாம். இந்தச் செடி மட்டும் இருக்கட்டும். அவள் வந்து பார்க்கும்போது ஒரு மொட்டு வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை, பச்சையாக இருந்தால் போதும். இப்படி என்னென்னவோ ஓடிக்கொண்டிருக்க, முழங்கை வரைக்கும் கை உள்ளே போய்விட்டது. அதற்கு மேல் களைக்கொத்தும் எட்டவில்லை, தோளும் செங்கலில் இடித்தது. வெளிப்பக்கம் இன்னும் எவ்வளவு பாக்கி என்று தெரியவில்லை.

"தையலு."

அவர் வந்து நின்றிருந்தார். வண்டிச் சத்தத்தை எப்படியோ விட்டுவிட்டாள். தலையெல்லாம் உமித்தூசி, தோளில் மூட்டை. மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, சாக்கில் குப்புறக் கிடக்கிற மனைவியையும், சந்தில் கிடக்கிற கடப்பாரையையும், பாத்தியையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"என்ன செய்யிறே அங்க?"

"தண்ணிக்கு வழி பண்றேன்."

"அதுக்கு ஏன் எலி மாரி தோண்டிகிட்டுக் கெடக்குறே? கரையில ஒரு கல்லைப் பேத்தா அஞ்சு நிமிஷ வேலை. எந்திரி, நான் ஒரு போடு போடறேன்."

"வேணாங்க."

"ஏன்?"

"வளையல் ஒடஞ்சிரும்."

அவர் கடப்பாரையை எடுக்கக் குனிந்தவர், அப்படியே நின்றார். மூலையில் ஒட்டி ஒட்டிச் செருகியிருந்த அந்த வளையல்களைப் பார்த்தார். அவள் கையை வெளியே எடுக்கவில்லை. எடுத்தால் எழுந்து உட்கார வேண்டும், உட்கார்ந்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். வெறும் பாதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், உமி ஒட்டியிருந்த பாதம். அது கொஞ்ச நேரம் நகரவே இல்லை. பிறகு அவர் குரல் வந்தது, வேறு மாதிரி.

"அப்போ, தண்ணி போவ வழியில்லாமத்தான் எல்லாம் போச்சா?"

இதுதான் வரக் கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். இந்தக் கேள்விக்காகத்தான் அவரை மில்லுக்கு அனுப்பினாள். 

"மண்ணு அப்படிங்க. வயக்காட்டு மண்ணு. தண்ணிய விடாது."

"நாங்க கரை கட்டுனதுக்கு அப்புறம்தானே தையலு. மொதல்ல போனது கனகாம்பரம். அந்த மழையிலேயே போச்சு. பாப்பா அன்னிக்குப் பூரா அழுதுச்சு."

"மண்ணுதாங்க" என்றாள் மறுபடியும். "நான் மணலக் கொட்டினேனே, அப்பவும் மண்ணுதான் கேக்கல. கரை என்ன பண்ணும்."

 அவள் சொன்னதை நம்பினாரா, நம்புகிற மாதிரி இருந்துவிடலாம் என்று முடிவு பண்ணினாரா, அது அவளுக்குப் பின்னால் எவ்வளவு யோசித்தும் தெரியவே இல்லை. மேல்சட்டையைக் கழற்றிக் கொடியில் போடுகிற சத்தம் கேட்டது. பாதம் நகர்ந்தது. கரையைச் சுற்றி வெளிப்பக்கம் சந்துக்குப் போய், அங்கே அந்தச் சேற்றிலேயே, சாக்குக்கூட இல்லாமல், இந்த வயசில், முட்டி மடக்கவே யோசிக்கிற மனுஷர், குப்புறப் படுத்தார். பெருமூச்சு ஒன்று கேட்டது. பிறகு கடப்பாரை மூக்கால் மண்ணைப் பறிக்கிற சத்தம், பிறகு அது நின்று, கையால் பறிக்கிற சத்தம்.

"எந்த எடத்துல இருக்கே?"

"நீல வளையலுக்கு நேரா வாங்க."

இரண்டு பேருக்கும் நடுவில் கரை. அவளுக்கு அவர் தெரியவில்லை, மேலே வரிசையாக வளையல்களும் அவற்றுக்கு மேலே வானமும்தான் தெரிந்தன. மூட்டம் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்திருந்தது. அவள் இந்தப் பக்கம் பிடிபிடியாக எடுத்தாள், அவர் அந்தப் பக்கம் எடுத்தார்.  பூங்கோதையைப் பற்றி நினைக்கிறாரோ, நினைக்கட்டும். இளவேனில் நாளைக்கு என்ன சொல்வாளோ, சொல்லட்டும். செடி பிழைக்குமோ பிழைக்காதோ, வேரில் பாதி அழுகியிருக்கும், பாதி இருந்தால் போதும், இருவாட்சிக்குப் பாதி போதும். மண் மெலிந்துகொண்டே வந்தது, அந்தப் பக்கத்து அசைவு இந்தப் பக்கம் விரல் நுனியில் தெரிந்தது, யாரோ சுவரின் அந்தப் புறம் நடமாடுகிற மாதிரி, பிறகு சுவரே இல்லாமல் போயிற்று. சில்லென்ற சேற்றுக்குள் அவர் விரல் வந்து இவள் விரலில் முட்டிற்று.

இரண்டு பேரும் அசையவில்லை. பகல் வெளிச்சத்தில் அவர் அவள் கையைத் தொட்டதில்லை. வெட்கப்படுகிற ஜாதி. தொட்டால் ராத்திரியில், அதுவும் தூக்கத்தில் தொட்ட மாதிரி. இப்போது அந்தக் காய்த்துப்போன விரல்கள் அவளுடைய விரல்களைத் தேடி ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டன. வெறுங்கையாக இருக்கிறதே என்று பார்ப்பதுபோல மணிக்கட்டு வரை ஒருதரம் வந்து தடவி, மறுபடியும் கீழே இறங்கி, பிடித்தது. பிடி இறுகிற்று. இந்தப் பக்கம் அவள் போட்டிருந்த வரப்பு ஊறி இளகி ஒரு ஓரத்தில் உடைந்தது, உடைந்த இடத்தின் வழியாகத் தண்ணீர் அவள் முழங்கையைத் தொட்டு, கை நெடுக ஓடி, இரண்டு கையும் சேர்ந்து அடைத்துக்கொண்டிருந்த இடத்தில் வந்து நின்றது.

"தண்ணி வருதுங்க" என்றாள். "கைய எடுங்க, போவட்டும்."

கரைக்கு அந்தப் பக்கத்துக் கை பிடியை விடவில்லை.

"போவும் தையலு" என்றார் செங்குட்டுவன். "கொஞ்சம் இரு."